துரை ஓட்டாத சைக்கிள் ஒன்று வேண்டும்

டிஸ்கி: பழைய சைக்கிள் விற்கும் அண்ணன்மார் யாரையும் தனிப்பட்ட முறையில் தாக்குவது இந்தப் பதிவின் நோக்கம் அல்ல. மொத்தமாகத் தாக்குவதுதான் நோக்கம்.

மக்களே, நான் படிப்பது பி.காம். எங்களுக்குத் தேய்மானம் என்று ஒரு சமாச்சாரம் சொல்லித் தருவார்கள். பொருளை வாங்கிய விலையிலிருந்து வருஷாவருஷம் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே வந்தால் கடைசியில் காயலான்கடை விலையில் வந்து நிற்கும். மெஷின், நாற்காலி, மாட்டு வண்டி என எதுவானாலும் விதி ஒன்றுதான். விதிவிலக்கு நம்ம ஊர் கறுப்பு சைக்கிள். அது 40 வருஷம் ஒழுங்காகத் தேய்கிறது. மாட்டுக் கொட்டகையில் சாய்ந்து கிடக்கிறது, கோழி அதன் கேரியரில் தூங்குகிறது. ஒரு நல்ல நாளில் பேரன் வந்து போட்டோ எடுத்து, 'விண்டேஜ்' என்று தலைப்பு வைத்து இணையத்தில் விளம்பரம் போடுகிறான். மறுநாள் காலை அதன் விலை 45,000 ரூபாய்! எந்தக் கணக்குப்பதிவியல் புத்தகத்திலும் இதற்கு ஜர்னல் என்ட்ரி கிடையாது.

விலை ஏறுவதில் எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை. அவர் சைக்கிள், அவர் விலை. நான் கேட்பதெல்லாம், அந்த விலையை நியாயப்படுத்த எதற்காக ஒரு வெள்ளைக்காரத் துரையை இழுத்து வந்து சீட்டில் உட்கார வைக்கிறீர்கள் என்பதுதான். கொஞ்ச நாளாக நானும் என் ரூம்மேட்டும் ஒரு பழைய சைக்கிள் வாங்கலாம் என்று விளம்பரங்களை மேய்ந்துகொண்டிருக்கிறோம். (ஏன் பழையது என்று கேட்காதீர்கள். எடை தாங்கும். என்னையும் தாங்கும், அவனையும் தாங்கும்.) இதுவரை பார்த்ததில் முக்கால்வாசி சைக்கிளைத் துரைதான் ஓட்டியிருக்கிறார். இந்தியாவில் இருந்த துரைமார் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் ஒவ்வொருவரும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாற்றி மாற்றி ஓட்டியிருக்க வேண்டும்.

முதலில் வயசு. சைக்கிள் விற்பவர்கள் வயசைக் கூட்டும் வேகம் அலாதியானது. ஒரு விளம்பரத்தில் 'ராலே, 1887 மாடல்' என்று கண்டிருந்தது. அந்த 1887 எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ராலே கம்பெனி தன் கதையை 1887-இல் இருந்துதான் தொடங்கும், சின்னத்திலேயே அந்த வருஷத்தைப் போட்டுக்கொள்வதும் உண்டு. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு சைக்கிளின் பிறந்த தேதி என்று முடிவு கட்டிவிட்டார். இந்தக் கணக்குப்படி பார்த்தால் ஒரு ஜவுளிக்கடைப் பையில் 'துவக்கம் 1928' என்று இருந்தால் உள்ளே இருக்கும் சட்டைக்குத் தொண்ணூறு வயசு தாண்டிவிட்டது. இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கியதே 1888-இல்தான். அண்ணனின் '1887 மாடலில்' இருப்பதோ காற்றடைத்த டயர், அதிலும் ஒரு பஞ்சர்.

இன்னொருவர் ஃபிரேமில் அடித்திருக்கும் நம்பரை வருஷமாகப் படிப்பவர். நம்பர் 1932-இல் ஆரம்பித்தால் 1932 மாடல், 1947-இல் ஆரம்பித்தால் 'சுதந்திர வருஷ ஸ்பெஷல்'. 8-இல் ஆரம்பிக்கும் நம்பர் கிடைத்தால் என்ன செய்வார் என்று கேட்கலாம் என்றிருக்கிறேன். ராஜராஜ சோழனுக்கும் முந்தைய சைக்கிள் நமக்குக் கிடைக்கக்கூடும்.

'ஆன்டிக்' என்ற வார்த்தையைப் போடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தொல்பொருள்களுக்கென்று 1972-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. அதன்படி ஒரு பொருள் தொல்பொருள் ஆக வேண்டுமானால் குறைந்தது 100 வருஷம் இருந்திருக்க வேண்டும் (ஓலைச்சுவடி போன்ற கையெழுத்துப் படிகளுக்கு 75 போதும்). அப்படிப்பட்டதை வியாபாரமாக விற்க லைசென்ஸ் வேண்டும், தனியார் யாரும் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. இப்போது இந்த விளம்பரத்தைப் படியுங்கள்: 'பக்கா ஆன்டிக், 110 வருஷப் பழசு, வெளிநாட்டுக்கும் பார்சல் அனுப்பப்படும்.' அவர் சொல்வது உண்மையாக இருந்தால் வில்லங்கத்தில் மாட்டுகிற அளவுக்கு ஒப்புதல் வாக்குமூலம் அது. நல்லவேளை, பொய்தான். படத்தில் இருப்பதற்கு என் அப்பா வயசுகூட இருக்காது.

அடுத்தது சின்னங்கள். இது எனக்கு ரொம்பப் பிடித்த ஏரியா, கொஞ்சம் நின்று பேசுவோம்.

பழைய ஆங்கிலேய சைக்கிள்களில் பெடல் பக்கத்துப் பல்சக்கரத்தை வெறும் வட்டமாக விடாமல் சித்திரம் வெட்டியிருப்பார்கள். ராலேயில் நாரைத் தலைகள். ஹம்பரில் வரிசையாக மனித உருவங்கள். ரட்ஜில் விரிந்த உள்ளங்கை. வேலைப்பாடு என்றால் வேலைப்பாடு, இன்றைக்குப் பார்த்தாலும் கை வைத்துத் தடவத் தோன்றும். விற்கிறவருக்கு இதைச் சொன்னாலே போதும், பாதி விலை தானாக வந்துவிடும். அவர் என்ன செய்கிறார்? நாரையைக் கழுகு என்கிறார். கழுகு என்றால் ஜெர்மன் என்கிறார். ஜெர்மன் என்றால் ஹிட்லர் என்று நாம் முடித்துக்கொள்ள வேண்டும். நாட்டிங்ஹாமில் செய்த சைக்கிளுக்கு இப்படி ஒரு தலைவிதி.

கை சின்னத்துக்கு வந்த விளக்கத்தைக் கேட்டால் நீங்கள் காபியைத் துப்பிவிடுவீர்கள். 'சுதந்திரப் போராட்டத் தியாகி பயன்படுத்தியது. காங்கிரஸ் கை சின்னம் இருப்பதைப் படத்தில் காணவும்.' கண்டேன் ஐயா, கண்குளிரக் கண்டேன். அது இங்கிலாந்தின் கோவென்ட்ரி ஊரில் இயங்கிய ரட்ஜ் கம்பெனியின் சின்னம். அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதிக்கு உரிய செங்கை. காங்கிரசுக்குக் கை சின்னம் வந்ததே 1978-இல் கட்சி உடைந்த பிறகு. அதற்கு முன் பசுவும் கன்றும், அதற்கும் முன் நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. தியாகி அந்தக் காலத்திலேயே சின்னத்தைக் கணித்துப் பல்சக்கரத்தில் வெட்டி வைத்திருந்தால் அவர் தியாகி இல்லை, சித்தர்.

பி.எஸ்.ஏ. என்றால் ராணுவம். இது எழுதப்படாத விதி. கம்பெனியின் முழுப் பெயரில் பர்மிங்ஹாமும் துப்பாக்கியும் இருக்கின்றன, சின்னத்தில் மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்தியிருப்பார்கள். எனவே எல்லா பி.எஸ்.ஏ.வும் உலகப்போருக்குப் போய் வந்தது. இரண்டாம் உலகப்போரில் பாராசூட் வீரர்களுக்காக அவர்கள் மடக்கு சைக்கிள் செய்தது உண்மைதான். அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வளைந்த இரட்டைக் குழாய் ஃபிரேம், நடுவில் மடக்குவதற்குப் பெரிய இறக்கைத் திருகுகள். நமக்கு விற்க வருவதோ கேரியரில் தேங்காய் மூட்டை கட்டிய தழும்போடு, மடங்காத பார் வைத்த சைக்கிள். 'இதில் எப்படி அண்ணே பாராசூட்டில் குதிச்சாங்க?' என்று போனில் கேட்டேன். 'அதெல்லாம் அவங்க டிரெயினிங் தம்பி' என்றார்.

'அரிதானது' என்ற சொல்லும் படாத பாடு படுகிறது. 1951 வாக்கில் ராலே வருஷத்துக்குப் பத்து லட்சம் சைக்கிள் செய்துகொண்டிருந்த கம்பெனி. ஹெர்குலிஸும் லட்சங்களில்தான். அரிதான சைக்கிள் என்று சொல்வது கிட்டத்தட்ட அரிதான தீப்பெட்டி என்பது மாதிரி. முழுசாக, ஒன்றும் மாற்றாமல், சித்திரச் சக்கரமும் செயின் கவரும் அப்படியே இருந்தால் அது அரிதுதான். அப்படி இருப்பவர்கள் 'அரிது' என்று கத்துவதில்லை. கத்துகிறவர்களின் சைக்கிளில் பெல் மட்டும்தான் பழசு.

வயசைக் கண்டுபிடிக்கச் சிலர் வைத்திருக்கும் ஆதாரங்களையும் சொல்லிவிடுகிறேன். 'ராடு பிரேக், அதனால் வெள்ளைக்காரன் காலம்.' அட ராமா! கேபிள் இல்லாமல் கம்பியால் இழுக்கும் அந்த பிரேக்கை லூதியானாவிலும் அம்பத்தூரிலும் சுதந்திரத்துக்குப் பிறகு பல பத்தாண்டுகள் செய்து குவித்தார்கள். மழையில் பிடிக்காது, ஆனால் கெடாது, எந்த மரத்தடி மெக்கானிக்கும் சுத்தியலால் சரி செய்வார், அதனால் நிலைத்தது. 'ப்ரூக்ஸ் தோல் சீட், அதனால் 1900.' ப்ரூக்ஸ் 1866-இல் தொடங்கியது சரி, இன்றைக்கும் புதுசு கிடைக்கிறது. காசு இருந்தால் நேற்று வாங்கிய சைக்கிளிலும் மாட்டலாம். '1910 மாடல், ஒரிஜினல் குரோம் பளபளப்பு.' குரோம் முலாம் வியாபார அளவில் வந்ததே 1920-களில். அதற்கு முன் நிக்கல்தான், அது மஞ்சள் சாயலாக இருக்கும். கொஞ்சம் நேர்மையான சாட்சி ஒன்று உண்டு. பின்சக்கரத்தில் ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் இருந்தால், எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துப் பாருங்கள். 1950-களின் ஹப்பில் வருஷத்தை எண்ணாகவே பொறித்திருப்பார்கள். அதுவும் ஹப்பின் வயசுதான், சைக்கிளின் வயசு என்று சத்தியம் செய்ய முடியாது, சக்கரம் மாறியிருக்கலாம். ஆனால் 'தாத்தா சொன்னார்' என்பதைவிட மேல்.

இதுவரை சிரிப்பு. இனி எனக்குக் கோபம் வந்த இடம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து ஒரு சின்ன ஊருக்குப் போனோம். ஊர் பேர் வேண்டாம். 'ஹெர்குலிஸ், இங்கிலாந்து, 1935, கலெக்டர் துரை ஓட்டியது, 38,000, பேரம் இல்லை' என்று விளம்பரம். போனால் நல்ல மனுஷர், மோர் கொடுத்தார். சைக்கிளும் நல்ல சைக்கிள், 24 இஞ்ச், ஃபிரேம் நேராக இருந்தது. புதுசாகக் கறுப்பு பெயின்ட் அடித்து அதன் மேல் தங்கக் கோடு இழுத்திருந்தார். ரூம்மேட் பிறவி சந்தேகப் பிராணி. சீட்டுக்குக் கீழே உள்ள குழாயைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்தவன் ஒரு இடத்தில் நின்றான். பெயின்ட் சரியாக ஏறாத இடத்தில் பழைய ஸ்டிக்கரின் மிச்சம். ஆங்கில எழுத்தில் 'மதராஸ்'.

"அண்ணே, மதராஸ்னு போட்டிருக்கே?"

அவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "அது கப்பல் வந்து இறங்குன எடம் தம்பி."

"கப்பல் இறங்குற ஊரையெல்லாமா ஃபிரேம்ல ஒட்டுவாங்க?"

"அந்தக் காலத்துல எல்லாம் கணக்கா செய்வாங்க தம்பி. இப்ப மாதிரியா?"

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வரை சிரித்துக்கொண்டே நடந்தோம். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனுஷர் மறைக்கப் பார்த்தது எதை? மதராஸை! தன் ஊரிலிருந்து சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய இடத்தை, ஏதோ திருட்டுச் சொத்து மாதிரி, பெயின்ட் போட்டு மூடியிருக்கிறார்.

அந்த ஸ்டிக்கரின் கதை என்னவென்று தெரியாதவர்களுக்காக: 1949-இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியும் சேர்ந்து சென்னையை ஒட்டிய அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். டி.ஐ. சைக்கிள்ஸ். ஹெர்குலிஸ், பிலிப்ஸ் இரண்டும் அப்போது டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸின் கையில் இருந்த பெயர்கள். ஆகவே அம்பத்தூர் ஹெர்குலிஸ் போலியே அல்ல, உரிமையோடு வந்த அசல். வடக்கே, வங்காளத்தின் அசன்சோலில் சென்-ராலே என்று இன்னொன்று, அது ராலேயோடு கைகோத்துச் செய்தது. லூதியானாவில் ஹீரோ 1956-இல் வந்தது. சோனிபட்டில் அட்லஸ் 1951-இல். அதுவரை கப்பலில் வந்த சாமானை நாமே செய்ய ஆரம்பித்த காலம் அது. பாலும் தபாலும் பேப்பரும் அந்தக் கறுப்பு வண்டிகளில்தான் வீட்டுக்கு வந்தன. வாத்தியார் அதில்தான் பள்ளிக்கூடம் போனார். பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்கு பெடல் போட்டவர்கள் நம் அப்பாக்கள், சித்தப்பாக்கள். அத்தைமார்களும் உண்டு.

அத்தை என்றதும் ஞாபகம் வருகிறது. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியிருக்கிறார், தேடிப் படியுங்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளையே எடுத்தார்கள். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதற்காக அதையே விரும்பியவர்களும் உண்டாம். தண்ணீர்க் குடம், பிள்ளை, பொட்டலம் எல்லாம் ஒரே வண்டியில். இன்றைக்கு '1930, துரை' என்று விற்பனைக்கு வருகிற ராடு பிரேக் சைக்கிள்களில் ஏதோ ஒன்று அந்த ஊர்வலத்தில் போயிருக்க எல்லா வாய்ப்பும் இருக்கிறது. கல் குவாரியில் வேலை செய்த ஒரு அம்மா அதை ஓட்டியிருக்கலாம். அந்த அம்மாவை இறக்கிவிட்டு, பெயர்கூட இல்லாத ஒரு துரையை ஏற்றுகிறீர்கள். எதற்கு? துரைக்குக் கூட 20,000 கிடைக்கும் என்று. இதுதான் என் சண்டை.

'அட போப்பா, வியாபாரத்தில் நாலு பிட்டைப் போடத்தான் செய்வார்கள், இதுக்கெல்லாம் பதிவா?' என்று கிளாஸ்மேட் ஒருத்தன் ஏற்கெனவே கேட்டுவிட்டான். அவனும் பி.காம். தான், வணிகச் சட்டம் பேப்பரில் அரியர் வைத்திருக்கிறான் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். :-)

'உலகிலேயே அழகான சைக்கிள்', 'பார்த்தால் விடமாட்டீர்கள்' என்பதெல்லாம் வெறும் அளப்பு. சட்டம் அதைக் கண்டுகொள்ளாது, கண்டுகொள்ளவும் கூடாது, இல்லாவிட்டால் கல்யாணத் தரகர்கள் அத்தனை பேரும் உள்ளே இருப்பார்கள். 'இங்கிலாந்தில் செய்தது, 1935' என்பது அந்த ரகம் இல்லை. அது பொருளைப் பற்றிய தகவல். விலையே அதன் மேல்தான் நிற்கிறது. 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, ஒரு பொருளை விவரித்து விற்றால் பொருள் அந்த விவரிப்புக்குப் பொருந்த வேண்டும் என்கிறது. 'எனக்குத் தெரியாது, நான் நம்பித்தான் சொன்னேன்' என்பார்கள். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு அதற்கும் இடம் வைத்திருக்கிறது. கையில் போதிய ஆதாரம் இல்லாமல் ஒரு பொய்யை அடித்துச் சொன்னால், சொன்னவர் அதை மெய்யென்று நம்பியிருந்தாலும் அது தவறான எடுத்துரைப்புதான்.

சட்டம் முழுக்க நம் பக்கம் என்று சொன்னால் நானும் சைக்கிள் விற்பவன் ஆகிவிடுவேன். எங்கள் பாடத்தில் ஒரு அருமையான வழக்கு வரும், ஆஸ்கார் செஸ் எதிர் வில்லியம்ஸ், இங்கிலாந்து, 1957. வில்லியம்ஸ் என்பவர் தன் மோரிஸ் காரை 1948 மாடல் என்று சொல்லி ஒரு கார் கம்பெனியிடம் கொடுத்துப் புதுக்கார் எடுத்தார். பழைய காருக்கு 290 பவுண்டு கழித்தார்கள். பல மாதம் கழித்துப் பார்த்தால் அது 1939 மாடல், தெரிந்திருந்தால் 175 பவுண்டுதான் கொடுத்திருப்பார்கள். கம்பெனி வழக்குப் போட்டது, தோற்றது. வில்லியம்ஸ் சாதாரண ஆள், பதிவுப் புத்தகத்தில் இருந்ததை நம்பிச் சொன்னார், அந்தப் புத்தகத்தில் முன்பே யாரோ கைவைத்திருந்தார்கள். கார் வியாபாரமே செய்கிற நீங்கள்தான் பார்த்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். நம் ஊர்ச் சட்டத்திலும் இதே வாடை உண்டு. சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்றால், தவறான தகவலைக் காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாமல் போகலாம் என்று 19-ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. ஆக, சீட்டுக் குழாயை நீங்களே சுற்றிப் பார்த்துக்கொள்வதுதான் உத்தமம். (அந்த வழக்கின் நகைச்சுவையைக் கவனித்தீர்களா? அங்கே பழைய வண்டியைப் புதுசு என்றார்கள். நம் ஆட்கள் புதுசைப் பழசு என்கிறார்கள். முன்னோர்கள் மேல் மரியாதை நமக்குத்தான் அதிகம்.)

ஏமாறுகிறவன் பணக்காரன்தானே, காபி ஷாப் சுவரில் மாட்டத்தானே வாங்குகிறான், போகட்டும் என்று விடலாமா? நட்டம் அவனோடு நிற்பதில்லை. ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 1970-இல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 2001-இல் அவருக்குக் கிடைத்த நோபலுக்குப் பெரிய காரணம் அந்தக் கட்டுரைதான். விஷயம் எளிது. நல்லது எது, ஓட்டை எது என்று வாங்குகிறவனுக்குத் தெரியாவிட்டால் எல்லாவற்றையும் ஓட்டை என்று நினைத்து விலை கேட்பான். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரன் விற்க மாட்டான், ஒதுங்கிவிடுவான். கடைசியில் சந்தையில் ஓட்டை மட்டும் மிஞ்சும்.

பழைய சைக்கிளில் இது கண்ணெதிரே நடக்கிறது. உண்மையிலேயே நாட்டிங்ஹாம் ராலே ஒன்றை, வாங்கிய ரசீதோடு, ஒரு பெரியவர் வைத்திருக்கிறார் என்று வையுங்கள். அவர் சொன்னால் யார் நம்புவார்கள்? ஆயிரம் பேர் அதையே சொல்லிவிட்டார்கள். 'எல்லாரும் அப்படித்தான் தாத்தா சொல்றாங்க' என்று பையன்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். அவர் போன பிறகு அது எடைக்குப் போகும். நடுவில் ஒரு கெட்டிக்காரர் முன்பக்கப் பித்தளைச் சின்னத்தையும் நாரைச் சக்கரத்தையும் மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு போய் வேறொரு வண்டியில் மாட்டுவார். ஒரு நல்ல சைக்கிள் செத்து ஒரு பொய் சைக்கிள் பிறக்கிறது.

இன்னொரு கூத்தும் உண்டு. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஓட்டக்கூடிய நிலையில் பழைய சைக்கிள் ஒன்று இருக்கிறது. காய்கறி விற்கும் ஒரு அண்ணன் 2,000 ரூபாய்க்குக் கேட்டார். வீட்டுப் பையன் செல்போனில் 45,000 விளம்பரத்தைக் காட்டிவிட்டான், வீட்டுக்காரம்மா கொடுக்கவில்லை. 45,000 தருகிறவரும் வரவில்லை. இரண்டு மழைக்காலம் ஓடிவிட்டது. ரிம் துருப்பிடித்து, டயர் வெடித்து, இப்போது அது எதற்கும் உதவாது. விளம்பரத்தில் இருக்கும் பொய் விலைக்கு யாரும் வாங்காவிட்டாலும் அது வேலை செய்துகொண்டேதான் இருக்கிறது.

சரி, குறை மட்டும் சொல்லாதே, நீயாக இருந்தால் எப்படி விளம்பரம் எழுதுவாய் என்று கேட்பவர்களுக்காக அந்த மோர் கொடுத்த அண்ணனின் சைக்கிளுக்கு நானே எழுதிப் பார்த்தேன்:

"விற்பனைக்கு. ஹெர்குலிஸ், 24 இஞ்ச், ராடு பிரேக். அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸில் செய்தது. எந்த வருஷம் என்று தெரியவில்லை, எங்கள் வீட்டுக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பெயின்ட் புதுசு, நான்தான் அடித்தேன். ஃபிரேம், ஃபோர்க், ஹேண்டில்பார் பழசு. டயர், ட்யூப், பெடல், செயின் மாற்றியது. பின்சக்கரத்தில் லேசாகக் கோட்டம் இருக்கிறது. டபுள்ஸ் போகலாம். துரை யாரும் ஓட்டவில்லை. அப்பா ஓட்டினார், பஞ்சாயத்து ஆபீசுக்கு."

இப்படி ஒரு விளம்பரம் வந்தால் அடுத்த பஸ்ஸில் கிளம்பிவிடுவேன். 6,000 வரை தருவேன், பேரம் பேச மாட்டேன். சரி, கொஞ்சம் பேசுவேன்.